பெயர் அதேதான், பட்டை வேறு

2006ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரத்தில் ஜெர்மானியப் பெற்றோர்களுக்கு விநோதமான கணக்கு ஒன்று சொல்லப்பட்டது. குழந்தையின் எடை 15 கிலோ என்றால் ஒரு நாளைக்கு ஆறு சிறிய ‘பட்டை நட்சத்திரம்’ வரை சரி. அதைத் தாண்டி தினமும் கொடுத்துவருவது நல்லதல்ல. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு இருபத்துநான்கு. சொன்னது ஏதோ பத்தியச் சாமியார் அல்ல, அந்நாட்டு அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம்.

பட்டை நட்சத்திரம் என்பது ஜெர்மானிய வீடுகளின் டிசம்பர் மாதப் பலகாரம். பாதாம் பொடி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, தாராளமாகப் பட்டைத் தூள். பிசைந்து, நட்சத்திர அச்சில் வெட்டி, மேலே வெள்ளைப் பூச்சு பூசிச் சுடுவார்கள். நம் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கு டின் இருப்பதுபோல அங்கே டிசம்பர் முழுக்க இந்த பிஸ்கட் டின்கள். அதில் கைவைக்கும் குழந்தையை எண்ணிச் சாப்பிடச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

விவகாரம் பட்டையில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ‘பட்டை’ என்ற பெயரில் இருந்தது. ஐரோப்பிய மொழிகளிலும் சரி, நம் மளிகைக்கடைகளிலும் சரி, இந்த ஒரு பெயரில் இரண்டு சரக்குகள் விற்பனையாகின்றன. ஒன்று இலங்கையிலும் கேரளத்தின் சில பகுதிகளிலும் விளையும் அசல் பட்டை. இலங்கைத் தமிழர்கள் கறுவா என்பார்கள். மற்றது சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வரும் காசியா. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்தான். ஆனால் காசியாவில் கூமரின் என்ற வாசனைப் பொருள் நிறைய உண்டு. ஜெர்மன் நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ காசியாவில் சராசரியாக 3 கிராம். அசல் பட்டையில் அது மிகமிகச் சொற்பம். கூமரின் நெடுநாள் அதிகமாக உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். அமெரிக்கா 1954லேயே இதை உணவில் தனியாகச் சேர்ப்பதற்குத் தடை விதித்துவிட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் அன்றாடம் தாங்கக்கூடிய அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிர்ணயித்திருக்கிறது. ஆறு நட்சத்திரக் கணக்கு அதிலிருந்து பிறந்தது. பண்டிகை வாரத்தில் நான்கு நாள் கணக்கு தவறினால் ஒன்றும் ஆகிவிடாது என்பதையும் அதே நிறுவனம் சொன்னது. பீதிதான் முதலில் பரவியது, பின்குறிப்பு மெதுவாக வந்தது.

அசல் பட்டையைவிடக் காசியா மலிவு. வாசனையும் தூக்கல். எனவே ஆலைகளில் தயாராகும் பிஸ்கட்டுகளில் அது எப்போதோ இடம்பிடித்துவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை, பெயர் மாறவில்லையே!

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அப்போது அமலில் இருந்த 1988ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி பொதுவாக ஒரு கிலோ உணவில் 2 மில்லிகிராம் கூமரின்தான் இருக்கலாம். சந்தையில் இருந்த பட்டை நட்சத்திரங்களில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. விதியை அமல்படுத்தினால் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கே ஆபத்து. ஆகவே விதி மாறியது. 2008இல் வந்த புதிய சட்டம் பேக்கரிப் பண்டங்களை இரண்டாகப் பிரித்தது. சாதாரணப் பண்டமென்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ‘பாரம்பரியமானது அல்லது பருவகாலத்துக்குரியது’ என்றால் 50.

ஆக, பாரம்பரியத்துக்கு ஒரு எடைக்கல் கிடைத்துவிட்டது. அதன் மதிப்பு கிலோவுக்கு 35 மில்லிகிராம் கூமரின்.

இதை வைத்து டென்மார்க்கில் ஒரு யுத்தமே நடந்தது. அங்கே ‘பட்டை நத்தை’ என்று ஒரு சுருள் பன் பிரசித்தம். 2013 கடைசியில் அந்நாட்டு உணவுத் துறை, இதை ஜனங்கள் வருஷம் பூராவும் தின்கிறார்கள், ஆகவே இது பருவகாலப் பண்டம் அல்ல, 15 மில்லிகிராம் வரம்புக்குள்தான் வரும் என்றது. ரொட்டிக்காரர்கள் கொதித்தார்கள். பக்கத்து ஸ்வீடனில் இதே மாதிரியான பன்னைப் பாரம்பரியம் என்று வகைப்படுத்தி 50க்கு அனுமதித்திருக்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்றார்கள். 2014இல் அரசு இறங்கிவந்து நத்தையையும் பாரம்பரியத்தில் சேர்த்துக்கொண்டது. பட்டையை மாற்றினால் என்ன என்று கேட்டவர்களின் குரல் இந்த இரைச்சலில் அவ்வளவாக எடுபடவில்லை.

சரி, எது அந்தப் பாரம்பரியம்? மசாலா போட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்டின் தலைநகரம் என்று ஒரு ஊரைச் சொல்ல வேண்டுமானால் தென் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைத்தான் சொல்ல வேண்டும். அங்கே இதற்கு லேப்கூகன் என்று பெயர். ஊரைச் சுற்றியிருந்த பெருங்காட்டில் தேன் கிடைத்தது. வெனிஸ் வழியாக வந்த மசாலா வணிகப் பாதையில் ஊர் அமைந்திருந்தது. 1395ஆம் ஆண்டிலேயே லேப்கூகன் சுடும் தொழிலாளி பற்றிய குறிப்பு அந்நகரப் பதிவில் இருக்கிறது. 1643இல் அவர்களுக்குத் தனிச் சங்கமே அமைந்துவிட்டது. தேன், மாவு, கொட்டைப் பருப்புகள், பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, இஞ்சி, மல்லி. மாவு ஒட்டாமலிருக்க, தேவாலய நற்கருணை அப்பம் போன்ற மெல்லிய வில்லையின் மேல் வைத்துச் சுடுவார்கள். மடங்களில் பிறந்த பண்டம் என்பதற்கு அந்த வில்லையே சாட்சி. சில ஊர்களில் தேன் கலந்த மாவைப் பிசைந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குளிர்ந்த அறையில் ஊறவைப்பார்கள். அதிரச மாவைப் பாகில் போட்டு இரண்டு மூன்று நாள் வைக்கும் நம் பாட்டிமார்களுக்கு இது புரியும். பாகில் ஊறாத மாவு அதிரசமாகாது, விறைத்த வடையாகும்.

இந்த மசாலாவில் பெரும்பகுதி நம் மேற்குக் கடற்கரையைத் தொட்டுச் சென்றது. வழக்கமாக இந்த இடத்தில் முசிறியையும் யவனர் கப்பலையும் இழுத்துவந்து மார்தட்டிக்கொள்வோம். அதை விட்டுவிடலாம், கிட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 1505இல் போர்ச்சுகலிலிருந்து அல்மேய்டாவின் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பற்படைக்கு முதல் போட்டவர்களில் ஜெர்மன் வணிகக் குடும்பங்களும் உண்டு. அவற்றில் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் இரண்டும் நியூரம்பெர்க் குடும்பங்கள். வெல்சர் குடும்பத்தின் ஏஜெண்டாக அந்தப் பயணத்தில் வந்த பல்தசார் ஸ்பிரெங்கர் மலபார் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, 1509இல் பயணக் குறிப்பே வெளியிட்டார். அவர்களுக்கு வேண்டியிருந்தது மிளகு. பிஸ்கட்டுக்காகக் கப்பல் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மிளகுப் பணம் புரண்ட ஊரில்தான் பிஸ்கட்டும் செழித்தது.

மிளகு என்றதும் மொழி சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி. ஜெர்மன்காரர்கள் இந்த வகை பிஸ்கட் ஒன்றை ‘மிளகுக் கொட்டை’ என்கிறார்கள். சாக்ஸனி மாநிலத்தின் புல்ஸ்நிட்ஸ் ஊர் ‘மிளகு கேக்’ சுட 1558இல் அனுமதி பெற்றது. இன்றும் அதற்குத்தான் பெயர்போனது. ஸ்வீடன்காரர்களின் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டும் ‘மிளகு கேக்’தான். போலந்தின் டோருன் நகரத்துப் பலகாரத்தின் பெயரிலும் மிளகு இருக்கிறது. வாங்கிக் கடித்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் மிளகு இருக்காது! ஒரு காலத்தில் கீழ்த்திசையிலிருந்து வந்த எந்தக் காரமான வாசனைச் சரக்கும் அவர்களுக்கு ‘மிளகு’தான். அந்தச் சொல்லோ மிளகுக்கே சொந்தமானது அல்ல. சம்ஸ்கிருதத்தின் பிப்பலி, கிரேக்கத்தில் பெபெரி, லத்தீனில் பிபெர், ஜெர்மனில் ஃபெஃபர். பிப்பலி என்றால் நம் திப்பிலி. திப்பிலியின் பெயர் மிளகுக்குப் போய், மிளகின் பெயர் மிளகில்லாத பிஸ்கட்டுக்குப் போயிருக்கிறது.

இஞ்சியின் கதை இதைவிட ருசி. நம் இஞ்சிவேரிலிருந்து கிளம்பி, சம்ஸ்கிருத சிருங்கவேரம், பாலியின் சிங்கிவேரம், கிரேக்க ஜிங்கிபெரிஸ் என்று கரைகரையாக ஒதுங்கி ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனதாக மொழியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்பிரெட்’டை நாம் ‘இஞ்சி ரொட்டி’ என்று மொழிபெயர்த்துக் குழந்தைகள் கதைப் புத்தகங்களில் அச்சிட்டுவருகிறோம். அந்தச் சொல்லில் ரொட்டியே கிடையாது. பழைய பிரெஞ்சில் ‘ஜின்ஜப்ரா’ என்றால் பதப்படுத்திய இஞ்சி, அவ்வளவுதான். அந்தக் கடைசி ‘ப்ரா’ ஆங்கிலேயர் காதில் ‘பிரெட்’ என்று விழுந்தது. பெயர் முதலில் வந்து, அதற்கேற்ற பண்டம் பின்னால் வந்து சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் சுவடி ஒன்றில் இந்த இஞ்சி ரொட்டிக்குச் செய்முறை இருக்கிறது. தேன், ரொட்டித் தூள், மிளகு, பட்டை, குங்குமப்பூ, கிராம்பு எல்லாம் உண்டு. இஞ்சியைக் காணோம்! எழுதியவர் மறந்தாரா, அப்படித்தான் செய்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மொழிபெயர்த்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆக இந்தப் பலகாரம் எந்தக் காலத்திலும் ஒரே நிலையில் நின்றதில்லை. தேன் விலை ஏறியபோது சர்க்கரைப் பாகு வந்தது. மாவை உப்பவைக்க ‘மான்கொம்பு உப்பு’ போடுவார்கள். பெயருக்கேற்ப முன்பு மான் கொம்பிலிருந்துதான் எடுத்தார்கள். இப்போது அது ரசாயன ஆலையில் தயாராகும் அம்மோனிய உப்பு. நம் ஊர் பிஸ்கட் பேக்கரிகளும் அம்மோனியா என்று சொல்லி இந்த வகை உப்பைத்தான் போடுகின்றன. 2002இல் ஸ்வீடனில், மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் சமைக்கும்போது அக்ரிலமைட் என்ற கெடுதலான பொருள் உண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். அம்மோனிய உப்பு இருந்தால் அது கூடுதலாக உண்டாகிறது என்பது பிறகு தெரியவந்தது. மான்கொம்பு போய் பல இடங்களில் சாதாரணச் சமையல் சோடா வந்திருக்கிறது. பாட்டி கைப்பக்குவம் என்ற வாசகம் மட்டும் அட்டையில் அப்படியே இருக்கிறது.

இன்றைய புதுமைகள் பற்றி நிறையப் புலம்பல் கேட்கிறது. முட்டையில்லாத பட்டை நட்சத்திரம், வெள்ளைக்கருவுக்குப் பதில் கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை அடித்து நுரையாக்கிப் பூசுகிறார்கள். 2015 வாக்கில் பரவிய உபாயம் இது. மசாலா டீ வாசனையில் பிஸ்கட், கோதுமை ஒவ்வாதவர்களுக்கான பிஸ்கட், சர்க்கரை குறைத்தது, மிளகாய் சேர்த்தது என்று பட்டியல் நீளும். எனக்கு இவற்றின் மேல் கோபமில்லை. மாற்றியதை மாற்றினேன் என்று சொல்லி விற்கிறார்கள். தவிரவும் கோதுமை மாவு இல்லாத பிஸ்கட் ஒன்றும் நவீனமில்லை. அசல் பட்டை நட்சத்திரத்தில் மாவே கிடையாது. நியூரம்பெர்க்கின் உயர்ரகமான ‘எலிசென்’ லேப்கூகனில் பாதாம், வால்நட், ஹேசல்நட் வகையறா குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1996 முதல், அந்த நகர எல்லைக்குள் தயாரானதற்குத்தான் நியூரம்பெர்க் லேப்கூகன் என்ற பெயர் செல்லும் என்று ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. நம் திருநெல்வேலி அல்வாக்காரர்கள் பொறாமைப்படலாம். ஆனால் இந்தச் சட்டம் ஊரைத்தான் காக்கிறது. உள்ளே போடும் பட்டை எந்த மரத்தினுடையது என்பது அந்தப் பெயரைப் பார்த்துத் தெரியாது.

எனக்கு உறுத்துவது வேறு வகையான புதுமை. ஹாலந்தில் செயின்ட் நிக்கோலஸ் திருநாளுக்கு, டிசம்பர் 5 மாலை, ‘ஸ்பெகுலாஸ்’ செய்வார்கள். மர அச்சில் காற்றாலையும் பாதிரியாரும் பதிந்த பிஸ்கட். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, ஏலம், வெள்ளை மிளகு என்று ஒரு முழு அஞ்சறைப்பெட்டி. பக்கத்து பெல்ஜியத்தில் அதன் தம்பிக்கு மசாலா குறைந்து, கருகிய சர்க்கரையின் ருசி முன்னால் வந்தது. 1932இல் அங்கே தொடங்கிய லோட்டஸ் கம்பெனியின் பிஸ்கட்டில் மசாலா என்று அட்டையில் இருப்பது பட்டை ஒன்றுதான். பிஸ்கட்டும் காபியும் சேர்ந்து ‘பிஸ்காஃப்’ என்று பெயர் வைத்து உலகெங்கும் விற்றார்கள். 2020இல் சொந்த நாட்டிலும் பழைய பெயரைக் கைவிடப் போவதாக அறிவித்தபோது பெல்ஜியர்கள் முணுமுணுத்தார்கள். 2024இல் மோண்டெலெஸுடன் கைகோத்து இந்தியாவுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. ருசியில் குறையில்லை, நானும் டீயில் தோய்த்துத் தின்றிருக்கிறேன். ஆனால் மலபாரும் மொலுக்காஸும் ஒன்றுகூடிய பண்டிகைப் பலகாரத்தில் மிஞ்சியது ஒரு பட்டை. அதுவும் எந்தப் பட்டை?

இந்தக் கேள்வி ஜெர்மனிக்கு மட்டுமானதல்ல. நம் நாட்டில் கிறிஸ்துமஸ் பேக்கரியின் கதையே ஒரு பட்டைத் தோட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. கண்ணூர் பக்கத்தில் அஞ்சரக்கண்டியில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே அசல் பட்டைத் தோட்டம் இருந்தது. அதன் முதலாளி பிரவுன் துரை 1883இல் ஒரு கேக்கைத் தலச்சேரியில் ‘ராயல் பிஸ்கட் ஃபாக்டரி’ நடத்திய மாம்பள்ளி பாபுவிடம் காட்டி, இதேபோல் செய்து தா என்று கேட்டதாக அந்தக் குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள். ஆனால் இன்று நம் பேக்கரிகளுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் போவது பெரும்பாலும் இறக்குமதியான காசியா.

இத்தனைக்கும் இந்திய உணவுத் தரவிதிகளில் இரண்டும் தனித்தனி. அசலுக்கு ‘தால்சீனி’ என்றும் காசியாவுக்கு ‘தாஜ்’ என்றும் தனித்தனி வரையறை இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தால்சீனி என்பது பாரசீகச் சொல், ‘சீன மரம்’ என்று பொருள். இலங்கைச் சரக்குக்குச் சீனாக்காரன் பெயர்! தமிழ் மட்டும் ஒழுங்கா? இலவங்கம் என்றால் கிராம்பு. இலவங்கப்பட்டை கிராம்பு மரத்தின் பட்டை அல்ல.

நான் வசிக்கும் தில்லியில், காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குப் போய் தால்சீனி என்று கேட்டேன். கனமான, மரச்செதில் மாதிரியான துண்டுகளை அள்ளிப்போட்டார் கடைக்காரர். இது இல்லை, இலங்கைப் பட்டை வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து வேறொரு மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். விலை பல மடங்கு. “சமையலுக்குத்தானே பாய்சாப், இது எதற்கு?” என்றார் பரிவோடு. ஏமாற்றும் ஆள் இல்லை. கேட்டதைக் கொடுக்கிறவர். கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

பிரியாணியில் ஒரு துண்டு போட்டு எடுத்துவிடும் பட்டைக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. கறியில் நாம் போடும் அளவு குறைவு. தூளாக்கி மாவில் கலந்து, அதைச் சிறு குழந்தைகள் நாள்தோறும் கொறிக்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. கோவாக்காரர்களின் கிறிஸ்துமஸ் தட்டில் ஏலக்காய் மணக்கும் தேங்காய் பிஸ்கட்டும், நம் தெற்கத்திக் கிறிஸ்தவ வீடுகளின் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இந்த வம்பில் மாட்டாதவை. அவற்றுக்குப் பட்டை வேண்டாம். நகரத்துப் பேக்கரிகளில் இப்போது டிசம்பர் வந்தால் குவியும் இஞ்சி மனிதர்களும் பட்டை நட்சத்திரங்களும்தான் விசாரிக்க வேண்டியவை. ஜெர்மனியில் 2006 கலவரத்துக்குப் பிறகு சில கம்பெனிகள் ‘சிலோன் பட்டை’ என்று அட்டையிலேயே போட ஆரம்பித்தன. இங்கே ‘மசாலாப் பொருட்கள்’ என்ற ஒற்றை வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

வீட்டில் செய்வதாக இருந்தால் தூளாக வாங்காதீர்கள். தூளைப் பார்த்து எந்தக் கண்ணாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. முழுப்பட்டையாகக் கேளுங்கள். இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, தடிமனாக, ஒரே அடுக்காக இருந்தால் காசியா. காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டின சுருட்டு மாதிரி இருந்தால் அசல். சந்தேகமென்றால் கடையிலேயே ஒரு துண்டை விரலால் ஒடித்துப் பாருங்கள். அசல் பட்டை பொடுக்கென்று நொறுங்கும். காசியாவை ஒடிக்கக் கடைக்காரரின் எடைக்கல்லை இரவல் கேட்க வேண்டியிருக்கும்.